சாரதி: மேற்படியார்

முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க வேலை பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் என் மேலதிகாரி என்னைப் பற்றிய ரகசியக் குறிப்பேட்டில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்: திருப்தி. அதிகாரிகள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின, ஆபீஸ் சுவரில் தொங்கிய படங்களும் மாறின. என் திருப்தி மட்டும் அசையவில்லை. அதற்கு மேல் யாராவது எழுதியிருந்தால் அவர் எனக்கு உறவா என்று விசாரித்திருப்பார்கள்.

ஆனால் எனக்கும் பிறருக்கு மார்க் போடும் அதிகாரம் இருந்தது. யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. மாட்டு வண்டிப் பந்தயத்தில் வண்டி ஓட்டும் சாரதிகளுக்கு நான் மார்க் போட்டேன்.

முத்துப்பேட்டையில் கடைக்காரக் குடும்பம் எங்களுடையது. அண்ணன்கள் கப்பலேறினார்கள். கல்லாவில் உட்கார லாயக்கில்லாதவன் என்று வாப்பா என்னைத் தீர்மானித்தபின், நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் ஆரம்பம் அது. ஞாயிற்றுக்கிழமை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மன்னார்குடிப் பக்கமோ பாபநாசம் பக்கமோ, எங்கே பந்தயம் என்றாலும் போய்விடுவேன். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். சாலையில் நாலு மைல் தள்ளி நடுவில் ஒரு கொடியை நட்டிருப்பார்கள். வண்டிகள் அதுவரை ஓடி, கொடியைச் சுற்றித் திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும். என் கணக்கில் கிளம்புவதற்கு மூன்று மார்க், கொடியைத் திரும்புவதற்கு நான்கு, கடைசி மைலுக்கு மூன்று. திரும்புவதற்கு ஏன் அதிகம் என்றால், வண்டிகள் குடை சாய்வதும் சாரதிகள் பல்லைப் பறிகொடுப்பதும் அங்கேதான்.

பெரும்பாலான சாரதிகள் என் நோட்டில் ஐந்தைத் தாண்டவில்லை. ஆபீசில் 'திருப்தி' வாங்கியவனுக்கு அப்படி ஒரு கண்டிப்பு. ஒரே ஒருவருக்கு மட்டும் நான் தொடர்ந்து ஒன்பது போட்டேன்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒட்டிய வயிறு, மார்பில் நரைத்த முடி, முன்வரிசையில் இரண்டு பல் இல்லை. அவர் மிராசுதார் ஒருவரின் பண்ணையாள். அப்பாவும் அதே பண்ணையில் ஆளாக இருந்தவர், தாத்தாவும் அப்படியே. மிராசுதாரின் மாடுகளை இருபது வருஷமாகப் பந்தயத்தில் ஓட்டியவர் அவர்தான். மற்றவர்கள் சாட்டையும் கூச்சலுமாகப் போகும்போது அவர் மாடுகளோடு பேசிக்கொண்டே போவார். கொடிக்கு வந்ததும் உள்பக்கத்து மாட்டின் கயிற்றை இரண்டு விரலால் லேசாகச் சுண்டுவார், அவ்வளவுதான். வண்டி கொடியைச் சுற்றித் திரும்பியிருக்கும், கொடித்துணி கூட ஆடியிருக்காது.

பிறகு ஏன் ஒன்பது, ஏன் பத்தில்லை என்று கேட்கலாம். முழு மார்க் போட்டு எனக்குப் பழக்கமில்லை. எனக்கு யாராவது போட்டிருந்தால்தானே.

அவருடைய எஜமானர் போட்ட மார்க் வேறு மாதிரி. ஜெயித்தால் மாட்டின் ராசி, அது பிறந்த தொழுவத்தின் ராசி, மிராசுதாரின் நெற்றியில் எழுதியிருந்த ராசி. தோற்றால் மட்டும் அவருடைய கை சரியில்லை. இருபது வருஷத்தில் அவர் வாங்கிய பாராட்டு, தோற்காத அன்று வசவு வாங்காததுதான்.

மிராசுதாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆட்சி மாறிய மறு மாதமே அவருடைய வேட்டியில் கரையும் மாறிவிட்டது. நேற்று வரை தமிழை அடுப்பங்கரையில் வைத்திருந்தவர், மேடையேறினால் அடுக்குமொழி தவிர வேறெதுவும் பேசமாட்டார். பந்தயத்துக்கு இப்போது 'தமிழர் வீர விளையாட்டு' என்று பெயர். மாடுகள் எல்லாம் 'சீறும் சிங்கங்கள்' ஆகிவிட்டன. மிராசுதாருக்குக் கட்சிக்காரர்கள் 'பந்தயப் புயல்' என்று பட்டம் கொடுத்தார்கள். புயல் என்பது ஒரு வகையில் சரிதான். அவர் வந்து உட்கார்ந்தால் நாற்காலி தப்புவதில்லை.

பந்தயம் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் நோட்டீஸ் அடிப்பார்கள். அடியில் 'சென்ற ஆண்டு வெற்றி வீரர்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். வண்டி உரிமையாளர் பெயர் ஒரு பத்தியில், சாரதி பெயர் அடுத்த பத்தியில். தன் பெயருக்குப் பக்கத்தில் பண்ணையாள் பெயர் அச்சாவதா என்று மிராசுதாருக்கு ஒரு சங்கடம். அச்சகத்துக்காரரிடம் அவரே ஒரு வழி சொல்லிவிட்டார். அது முதல் எல்லா நோட்டீசிலும் வண்டி உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் பட்டங்களோடு இருக்கும். சாரதி என்ற இடத்தில் ஒரே சொல்: மேற்படியார்.

எங்கள் ஆபீசுக்குச் சோறு போட்ட சொல் அது. முன்னால் சொன்ன ஆளையே மறுபடி சொல்ல வேண்டுமென்றால் 'மேற்படியார்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆகவே அச்சில் பார்த்தால் மாடும் மிராசுதாருடையது, ஓட்டியவரும் மிராசுதாரே. சாலையோரத்தில் நின்ற அத்தனை பேருக்கும் ஓட்டியது யாரென்று தெரியும். அதனாலேயே அந்தப் பண்ணையாளுக்கு 'மேற்படியார்' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. பந்தயத்தன்று ஜனங்கள், "மேற்படியார் வராருடா" என்றுதான் கத்துவார்கள். மிராசுதார் அது தனக்கு என்று நினைத்துக் கும்பிடுவார்.

அந்த வருஷங்களில் தஞ்சாவூர்ச் சீமையில் வேறு கொடிகளும் நட்டுக்கிடந்தன. அறுவடைக் கூலிக்காக வயலில் நட்ட சிவப்புக் கொடிகள் அவை. வரப்பில் போலீஸ் நிற்கும், தெருவில் லாரி நிற்கும். குத்தகைக்கு உழுகிறவனை ஆபீசில் பதிவு செய்துவிட்டால் அவனை நிலத்திலிருந்து கிளப்ப முடியாது என்று சட்டம் வந்திருந்தது. சட்டத்தைச் செய்தது ஆளுங்கட்சி. அதைக் கேட்டதும் பண்ணைகளிலிருந்து ஆட்களை அவசர அவசரமாகக் கிளப்பியவர்களில் பலர் வேட்டியிலும் அதே கட்சியின் கரைதான்.

நம் மேற்படியார் வாய்க்கால் ஓரத்தில் ஐந்து மா நிலத்தைப் பன்னிரண்டு வருஷமாகக் குத்தகைக்கு உழுது வந்தார். ஐந்து மா என்றால் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். கோரை மண்டிக் கிடந்ததை அவரும் அவர் மனைவியும் பிடுங்கி வயலாக்கியது. கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. கிராமக் கணக்கில் அந்த நிலத்துக்கு எதிரே உரிமையாளர் என்ற இடத்தில் மிராசுதார் பெயர். சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் என்ன இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. மேற்படியார்.

மிராசுதார் அந்த வருஷம் விதை விடாதே என்று சொல்லிவிட்டார். விவசாயிகள் சங்கத்துத் தோழர் ஒருவர் மேற்படியாரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் ஆபீசில் மனுக் கொடுக்க வைத்தார். பதிவானால் ஐந்து மாவும் அவர் கையில் நிலைக்கும். இல்லாவிட்டால் நிலமும் போகும், பண்ணையில் அடி வைக்கவும் முடியாது. விசாரணையில் பேச்சை எழுதும் குமாஸ்தா நான். என் நோட்டின் ஒன்பது மார்க்காரர் என் மேஜைக்கு எதிரே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

முதல் நாள் விசாரணைக்கு மிராசுதார் கட்சிக்காரர்கள் நாலு பேரோடு வந்து அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்தார். சேர்மன் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். அதிகாரி கேட்டார், இந்த ஆள் உங்கள் நிலத்தை உழுததுண்டா என்று. அப்போதுதான் இருபது வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த பாராட்டு மடை திறந்தது.

"இவன் எங்கேங்க ஏரப் புடிச்சான்? இவன் பந்தயம் ஓட்டுறவன். இவன மாதிரி ஓட்டி இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்க. வருஷம் பூரா மாட்டோடதான் கெடப்பான். பந்தயம் ஓட்டுறவனுக்கு உழ நேரம் ஏதுங்க?"

அதோடு விட்டாரா? கொடியை அவன் திரும்புகிற அழகைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும் என்றார். அவன் கை பட்டாலே மாட்டுக்கு இறக்கை முளைக்கும் என்றார். பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் திகைத்துப்போனேன். இவ்வளவு நுட்பமாகப் பந்தயத்தைக் கவனித்த ஒருவர் இருபது வருஷம் 'கை சரியில்லை' என்று சொல்லி வந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நான் ஒன்பது போட்டவருக்கு அவர் அன்று ஒரே மூச்சில் பதினைந்து போட்டார்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது மேற்படியாரின் முகம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். துண்டு கக்கத்திலிருந்து நழுவியது கூடத் தெரியாமல், கூன் நிமிர்ந்து, பல் போன இடம் தெரிய, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். தன் நிலத்தைப் பிடுங்கத்தான் இவ்வளவும் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. எஜமானர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்துவிட்டது, அது போதும். தோழர் அவர் காலை மிதித்த பிறகுதான் முகம் மாறியது. அந்த நிமிஷம் எனக்கு மிராசுதார் மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சிரிப்பின் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

அதிகாரி ஒரு வாரம் தள்ளி வைத்தார். ஊரிலிருந்து சாட்சி சொல்ல ஒருவரும் வரத் தயாரில்லை. அன்று சாயங்காலம் டீக்கடையில் தோழர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சாரதி என்று பெயரெடுத்ததுதான் இந்த மனுஷனுக்கு வினையாகிவிட்டது என்றார். பெயரா, எந்த நோட்டீசில் அவர் பெயர் இருக்கிறது என்று நான் எரிச்சலோடு கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது இரண்டு பேருக்கும் விளங்கியது.

என் அறையில் டிரங்குப் பெட்டி நிறையப் பந்தய நோட்டீஸ்கள் இருந்தன. பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்தவை. விசாரணையை எழுதுகிற குமாஸ்தா ஒரு தரப்புக்கு ஆதாரம் எடுத்துக் கொடுக்கலாமா? கூடாது. கொடுத்தேன். என் குறிப்பேட்டில் 'திருப்தி'க்கு மேலே எழுதாதவர்கள் கீழே எழுதினால் எழுதிக்கொள்ளட்டும் என்று ஒரு வீம்பு. நோட்டீஸ் கட்டை வாங்கிக்கொண்ட தோழர், பெட்டிக்குள் கிடந்த என் மார்க் நோட்டையும் புரட்டிப் பார்த்தார். தேதி போட்டு, ஊர் போட்டு, இன்னார் ஓட்டினார், எப்படித் திரும்பினார் என்று பக்கம் பக்கமாக அதில் எழுதியிருந்தேன்.

"பாய், இது வெளியில வரக்கூடாது" என்றார் தோழர். "அவரு ஓட்டினாருங்கறதுக்கு எழுத்துல இருக்குற ஒரே ஆதாரம் இதுதான்."

அவர் போனபின் நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். மறுநாள் குளித்த வெந்நீர் என் வாழ்நாளில் நான் குளித்ததிலேயே விலை கூடியது.

இரண்டாம் விசாரணையில் தோழர் நோட்டீஸ்களை மேஜைமேல் பரப்பினார். நிதானமாகத்தான் பேசினார். "பந்தயம் ஓட்டுறவருக்கு உழ நேரமில்லன்னு இவங்களே சொல்லிட்டாங்க. ஓட்டினது யாருன்னு இதுல அச்சுல இருக்கு. அப்ப நெலத்த உழுதது யாருன்னு மட்டும் கேளுங்கய்யா."

அதிகாரி ஒவ்வொரு நோட்டீசாக எடுத்துப் படித்தார். பந்தயப் புயல், பார் போற்றும் பண்ணையார், வாரி வழங்கும் வள்ளல். சாரதி: மேற்படியார். அவருக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டார். இதெல்லாம் பொய்யா என்று மிராசுதாரைக் கேட்டார்.

மிராசுதார் முதலில் கூட வந்திருந்த கட்சிக்காரர்களைப் பார்த்தார். பிறகு வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். பொய் என்றால் ஐந்து மா மிஞ்சும். ஆனால் புயல் என்ற பட்டம் அன்று சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் சிரிப்பாய்ச் சிரிக்கும், சேர்மன் நாற்காலி வேறு யாருக்கோ போகும். நூறு ஏக்கர்க்காரருக்கு ஐந்து மா எந்த மூலைக்கு? தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓட்டியது நான்தான் என்றார்.

வாசலில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். டவாலிச் சேவகன் அதட்டினான்.

அதிகாரி மேற்படியார் பக்கம் திரும்பி, நீ இந்தப் பந்தயங்களில் வண்டி ஓட்டினாயா இல்லையா, உள்ளதைச் சொல் என்றார். உள்ளதைச் சொன்னால் நிலம் போகும் என்பது அந்த அறையில் நாற்காலிக்குக் கூடத் தெரியும். மேற்படியார் பரப்பிக் கிடந்த நோட்டீஸ்களையே பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவற்றில் போட்டிருந்த காளைப் படங்களைத் தெரியும். அதில் ஒரு ஜோடி அவர் கையில் வளர்ந்து, அவர் மடியில் தலை வைத்துச் செத்த மாடுகள். தோழர் இந்த முறை காலை மிதிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டினது ஐயாதாங்க" என்றார் மேற்படியார். "நான் வைக்கோல் போட்டேன், தண்ணி காட்டினேன். எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். ஆபீஸ் தமிழில் நான் எழுதினேன்: 'எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மேற்படி பந்தயங்களில் சாரதியாக இருந்தவர் மேற்படியார்.' எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டியதும் என் வேலைதான். வாசித்தேன். பெருவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைக்க அவர் கையைப் பிடித்தபோது, கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன இரண்டு விரல்கள் என் உள்ளங்கையில் உரசின. ஓட்டத் தெரியாதவரின் விரல்கள். எனக்கு அழுகை வந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மனுஷனுக்கு நன்மை செய்துகொண்டிருந்தோம், அதற்கு எதற்கு அழுகை என்று அடக்கிக்கொண்டேன்.

ஐந்து மா அவர் பெயரில் பதிவானது. மிராசுதார் சேர்மனானார். சேர்மனான கையோடு கட்சிக்காரர்கள் ஒரு பந்தயம் வைத்து, புயலே நேரில் ஓட்ட வேண்டும் என்று மாலை போட்டு அழைத்தார்கள். மூட்டு வலி என்று சொல்லி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்திருந்தார். அந்த வலி அதற்குப் பிறகு பந்தயக் காலம் வந்தால் மட்டும் தவறாமல் வந்தது. கோபம் தீராமல் பதிவை எதிர்த்து அப்பீலும் போட்டார். அப்பீல் என்றால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். அது முடியும் வரை மேற்படியார் ஒரு வண்டியில் ஏறிக் கயிற்றைத் தொட்டாலும் அதுவே அவருக்கு எதிரான சாட்சி என்று தோழர் சொல்லி வைத்திருந்தார்.

நாலைந்து வருஷம் கழித்து, மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு பந்தயத்துக்குப் போயிருந்தேன். அப்பீல் இன்னும் நிலுவையில் இருந்தது. கொடி நட்ட இடத்தில், புளியமரத்தடியில் மேற்படியார் நின்றுகொண்டிருந்தார். சட்டை போட்டிருந்தார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. ஐந்து மாவில் குறுவை நன்றாக விளைந்தது என்றார், மகள் மன்னார்குடியில் பத்தாவது படிக்கிறாள் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே இருந்தது.

அப்போது பட்டுக்கோட்டைப் பக்கத்து மாட்டுக்காரர் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். அவருடைய சாரதிக்குத் திடீரென்று காய்ச்சல், அடுத்த ஓட்டத்துக்கு ஆளில்லை. யாரோ இவரைக் கைகாட்டி அனுப்பியிருக்கிறார்கள். வண்டி ஏற முடியுமா என்று கெஞ்சினார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றார் மேற்படியார். வந்தவர் நம்பாமல் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார். "வேணும்னா பாயைக் கேளுங்க. அவருதான் எழுதினாரு."

ஆமாம் என்று தலையாட்டினேன். வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

தூரத்தில் புழுதி கிளம்பியது, வண்டிகள் வருகின்றன. சாலையைப் பார்த்தபடியே மேற்படியார் கேட்டார்.

"பாய், நீங்க மார்க் போட்டு வச்சிருந்தீங்கன்னு தோழர் சொன்னாரு. எனக்கு எவ்வளவு?"

"ஒம்பதுண்ணே. பத்துக்கு."

"ஒண்ணு எதுல போச்சு?"

எனக்குப் பழக்கமில்லாததால் போயிற்று என்று எப்படிச் சொல்வது? திருப்பத்தில் என்று சொல்லிவைத்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒருவன் தன்னை உட்கார வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறான் என்பது போல, புருவத்தைச் சுருக்கி யோசித்தார். "வாஸ்தவந்தான். உள்மாட்ட இன்னும் ஒரு நொடி முன்னாலயே புடிச்சிருக்கணும்" என்றார். அதற்குள் முதல் வண்டி கொடிக்கு வந்துவிட்டது. அவருடைய வலது கை முதுகுக்குப் பின்னாலிருந்து தானாக முன்னால் வந்து, இரண்டு விரலால் காற்றைச் சுண்டியது. வண்டி திரும்பிப் போயிற்று. சுற்றுமுற்றும் யாராவது பார்த்தார்களா என்று பார்த்துவிட்டு, கையை மறுபடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.